சேர்ட் பொக்கற்றில் அடங்கும் போன்: 13 மினியா, ஜெல்லி ஸ்டாரா, எஸ்24 ஆ?

கைக்கு அடக்கமான நல்ல போன் ஒன்றைப் புதிதாக வாங்கலாம் என்று தேடினால், பெரிய கம்பனிகளிடம் இப்போது எதுவும் இல்லை என்றே சொல்ல வேண்டும். சோனி தன் எக்ஸ்பீரியா கொம்பாக்ட் வரிசையை 2018உடன் விட்டுவிட்டது. அசூஸ் 2023இல் 5.9 அங்குலத்தில் சென்ஃபோன் 10ஐக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே 6.78 அங்குலத்துக்குப் போய்விட்டது. அப்பிள் 2020இல் 12 மினியையும் 2021இல் 13 மினியையும் விட்டுப் பார்த்தது. 14 வரிசையில் மினியின் இடத்தில் 6.7 அங்குல பிளஸ் வந்து உட்கார்ந்தது. 2023 செப்டெம்பரில் 13 மினியின் விற்பனையும் நின்றது.

ஆகவே ஒற்றைக் கையால் போன் பாவிக்க விரும்பிய நான் கடைசியில் ஒப்பிட்டுப் பார்த்தவை மூன்று. பாவித்த ஐபோன் 13 மினி ஒன்று. யூனிஹேர்ட்ஸ் என்ற சீனக் கம்பனியின் ஜெல்லி ஸ்டார் இன்னொன்று. பெரிய கம்பனிகளின் போன்களில் சின்னவற்றில் ஒன்று என்ற கணக்கில் சம்சுங் எஸ்24 மூன்றாவது. நான் 13 மினியை எடுத்தேன், இன்றைக்கும் அதைத்தான் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சின்னப் போன் எதற்கு என்று கேட்பவர்கள் நல்லூர்த் திருவிழாவை நினைத்துப் பார்க்கலாம். ஆண்கள் மேற்சட்டை இல்லாமல் வேட்டியோடு போக வேண்டும். பொக்கற் கிடையாது. போன் இடுப்பில் வேட்டி மடிப்புக்குள்தான் இருந்தாக வேண்டும். பெரிய போனாக இருந்தால் குனியும்போதெல்லாம் மேல் விளிம்பு வயிற்றில் குத்தும். கும்பிட இரண்டு கையையும் தூக்கினால் பாரத்தில் மடிப்பு இளகத் தொடங்கும். சுமார் 140 கிராம் நிறையுள்ள மினி அந்த இடத்தில் இருப்பதே தெரியாது. மற்ற நாட்களிலும் எனக்கு ஒரு கை சைக்கிளிலோ சந்தைப் பையிலோதான் இருக்கும்.

முதலில் எஸ்24. 2024இல் வந்தது, 6.2 அங்குலம், 167 கிராம், 4,000 மில்லியம்பியர் மணிப் பற்றரி, ஏழு வருடத்துக்கு மென்பொருள் மேம்படுத்தல் தருவதாக சம்சுங்கின் வாக்குறுதி. போனாகப் பார்த்தால் மூன்றிலும் சிறந்தது இதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அகலம் 70.6 மில்லிமீற்றர். மினி 64.2. ஆறு மில்லிமீற்றர் என்ன பெரிய விசயம் என்று கையில் எடுக்கும்வரை தோன்றும். எடுத்ததும், என் கட்டைவிரல் எதிர்ப்பக்க மேல் மூலைக்கு எட்டவில்லை. உங்கள் விரல் எட்டினால் மிச்சத்தை வாசிக்கத் தேவையில்லை, எஸ்24ஐயே வாங்குங்கள். சம்சுங்கின் மடிக்கிற பிளிப்பைக் கடையில் விரித்துப் பார்த்ததோடு சரி. விரித்தால் அதுவும் 6.7 அங்குலம், எனக்கு வேண்டியது அதுவல்ல.

ஜெல்லி ஸ்டார் வேறு ரகம். 2023இல் வந்தது. திரை 3 அங்குலம், உயரம் பத்துச் சென்ரிமீற்றருக்கும் குறைவு, தடிப்பு மட்டும் 18.7 மில்லிமீற்றர். கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வந்த மச்சான் இதைத்தான் வைத்திருந்தான். நின்ற நாட்களில் என்னிடம் தந்து பாவித்துப் பார்க்கச் சொன்னான். வேகத்தில் குறையில்லை, 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி சேமிப்பு, மெமறி கார்ட் போட இடம், ஹெட்போன் துளை எல்லாம் உண்டு. பொக்கற்றில் போட்டால் கொஞ்சம் புடைக்கும், ஆனால் எந்தப் பொக்கற்றிலும் அடங்கும்.

இடித்தது தமிழில் எழுதும்போது. திரையின் அகலம் நான்கு சென்ரிமீற்றர்கூட வராது. தமிழ்99 விசைப்பலகையின் மேல்வரிசையில் பன்னிரண்டு எழுத்துகள். அப்படியென்றால் ஓர் எழுத்துக்கு மூன்று மில்லிமீற்றர். ‘ன’வைத் தொடப் போனால் ‘ட’ விழுகிறது, ‘ண’வுக்குப் போனால் ‘ச’ விழுகிறது. அம்மாவுக்கு வட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதுவதற்குள் பொறுமை போய் குரற்பதிவு அனுப்பிவிட்டேன். மினியில் அதே எழுத்துக்கு ஐந்து மில்லிமீற்றருக்குக் கிட்டக் கிடைக்கிறது, அது போதும். ஜெல்லியைச் சில நாட்கள்தான் பாவித்தேன். மாதக்கணக்கில் பாவிப்பவருக்கு விரல் பழகக்கூடும்.

சரி, இனிப் பற்றரி. என் முடிவு இதில்தான் தங்கியது. ஒரு நாள் முழுக்க நிற்குமா என்பதல்ல என் கேள்வி. சின்னப் போனில் சின்னப் பற்றரிதான் இருக்கும், மத்தியானம் ஒருமுறை சார்ஜில் போட மனமிருந்தால் அது தீர்ந்துவிடும். எத்தனை வருடம் உழைக்கும், செத்தால் யாழ்ப்பாணத்தில் யார் மாற்றித் தருவார் என்பதுதான் கேள்வி.

பற்றரியின் முழுக் கொள்ளளவும் ஒருமுறை செலவானால் அது ஒரு சுற்று. ஒருவர் நாளுக்கு 3,000 மில்லியம்பியர் மணி செலவழிக்கிறார் என்று வைப்போம். எஸ்24இன் 4,000இல் அது முக்கால் சுற்று. மினியின் ஏறத்தாழ 2,400இல் ஒன்றேகால் சுற்று. ஜெல்லி ஸ்டாரின் 2,000இல் ஒன்றரைச் சுற்று. 14 வரிசை வரையான ஐபோன்களின் பற்றரி 500 முழுச் சுற்றுக்குப் பின்னும் 80 வீதக் கொள்ளளவோடு நிற்கும் என்பது அப்பிள் சொல்லும் கணக்கு. மற்ற இரண்டுக்கும் அதே அளவென்று பேச்சுக்கு வைத்தால், எஸ்24 அந்த இடத்துக்கு வர 660 நாளுக்கு மேல் எடுக்கும், மினிக்கு 400 நாள், ஜெல்லிக்கு 330 சொச்சம். சின்னத் திரை குறைவாகத்தான் மின்சாரம் குடிக்கும், அதனால் உண்மை வித்தியாசம் இவ்வளவு இராது. என்றாலும் சின்னப் பற்றரி வேளைக்கே கிழடு தட்டும் என்பது மாறாது. எங்கள் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் வைத்துப் பாவிக்க வேண்டாம் என்கிறது அப்பிள். சித்திரை மாத மத்தியானத்தில் ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே போனை வைத்துவிட்டுப் போகிறவர்கள் இதை மனதில் வைத்திருப்பது நல்லது.

ஆகவே சின்னப் போன் வாங்குகிறவர், பற்றரி மாற்றுவதையும் சேர்த்தே விலை பார்க்க வேண்டும். 2017இல் வந்த முதல் ஜெல்லியில் பற்றரியைக் கழற்றி மாற்றலாம். ஜெல்லி ஸ்டாரில் உள்ளே அடைத்துவிட்டார்கள். ஸ்ரான்லி வீதிப் பக்கம் நான் விசாரித்த றிப்பேர் கடைகளில் ஒருவர்கூட யூனிஹேர்ட்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. பற்றரியை வெளிநாட்டில் இருந்து வருவித்துத்தான் ஆக வேண்டும், போனையும் அப்படித்தான்.

மினிக்குக் கேட்டதும், “பற்றரி கைவசம் இல்லை அண்ணை, கொழும்பில சொன்னா நாளைக்கு பஸ்ஸில வந்திடும்” என்றார் கடைக்காரத் தம்பி. அடுத்த நாளே வந்தது. சார்ஜ் துளையின் இரு பக்கமும் உள்ள இரண்டு சிறு திருகாணிகளைக் கழற்றினார். விளிம்பைச் சூடாக்கித் திரையை மெல்லத் தூக்கினார். பழைய பற்றரிக்குக் கீழே ஒட்டியிருந்த பசை நாடாவை நுனியில் பிடித்து அவசரப்படாமல் இழுத்தார். அது அறுந்தால் பற்றரியை நெம்பித்தான் எடுக்க வேண்டும், நெம்பினால் ஆபத்து. அறாமல் வந்தது. வேலை முடியத் தேத்தண்ணி ஒன்று குடிக்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் சென்றது.

போட்டது அப்பிளின் அசல் பற்றரி இல்லை என்பதால், அதை உறுதிப்படுத்த முடியவில்லை என்று அமைப்புகளில் ஒரு அறிவிப்பு வந்தது. போனின் வேலைக்கு அதனால் ஒரு தடையும் இல்லை. ஒருமுறை திறந்த போனின் நீர்காப்பை நம்பக்கூடாது. மாரி மழையில் பொலித்தீன் பைக்குள் போட்டே கொண்டு திரிகிறேன். 2021இன் போன் என்றாலும் 2025இல் வந்த அப்பிளின் இயங்குதளம் ஐஓஎஸ் 26 இதில் ஓடுகிறது. எத்தனை வருடத்துக்கு மேம்படுத்தல் வரும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நீண்ட காலத்துக்கு மேம்படுத்தல் வேண்டும் என்றால் எஸ்24 தான் சரி.

மினி வாங்கப் போகிறவர்கள் இரண்டு விசயம் பார்க்க வேண்டும். முதலில் *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் தனியான அடையாள) இலக்கம் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் உண்டா என்று உறுதிசெய்யுங்கள். அப்புறம் அமைப்புகளில் பற்றரி ஆரோக்கியத்தைத் திறந்து பாருங்கள். 85 வீதத்துக்குக் கீழே என்றால் பற்றரியின் விலையையும் மாற்றும் கூலியையும் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும். 100 என்று காட்டினால் உடனே சந்தோசப்படாமல், மாற்றிய பற்றரியா, யார் மாற்றியது என்று கேளுங்கள்.