காரின் பிளாஸ்டிக் பாகங்களுக்கு அரால்டைட்: எங்கே நிற்கும், எங்கே நிற்காது

விரிசல் விட்ட சைடு மிரர் மூடியை அரால்டைட் என்னும், இரண்டு பொருள்களைக் கலந்தால் இறுகும் எபாக்சி வகைப் பசை கொண்டு ஒட்டி, மதுரையின் கத்திரி வெயிலும் அதற்குப் பின் வந்த மழையும் அதன்மேல் பட்ட பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஒட்டு அசையவில்லை. ஆயினும், அதே பசையை வாங்கிப் பம்பரை ஒட்டலாமா என்று கேட்பவர்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். அதற்குக் காரணம் பசையின் தரமன்று. பம்பர் எதனால் ஆனது என்பதே.

பாகத்தைக் கழற்றி உள்பக்கத்து அழுக்கைத் துடைத்தால், பிளாஸ்டிக்கின் வகையைக் குறிக்கும் சிறு எழுத்துகள் வார்ப்பிலேயே பதிந்திருப்பதைக் காணலாம். மிரர் மூடியிலும் கிரில்லிலும் பெரும்பாலும் ஏபிஎஸ் (ABS) என்னும் பிளாஸ்டிக்கின் பெயர் இருக்கும்; எபாக்சி வகைப் பசைகள் அதை நன்றாகவே பற்றும். பம்பரில் பெரும்பாலும் பிபி (PP) என்று, அதாவது பாலிபுரொப்பிலீன் என்று இருக்கும். அதனுடன் ரப்பரும் கலந்திருக்கும். அதன் மேற்பரப்பில் எபாக்சி எதுவானாலும் பரவிப் பிடிக்காது; இறுகிய பின் நகத்தால் நெம்பினாலே பட்டையாக உரிந்து வந்துவிடும்.

அரால்டைட்டின் சாதாரண வகையில் ரெசின் என்னும் பிசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் தனித்தனிக் குழாய்களில் வருகின்றன. இரண்டையும் சம அளவு பிதுக்கி, கோடு தெரியாமல் ஒரே நிறமாகும் வரை குழைக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் ஒட்டு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். அதற்கு முன், விரிசலின் இருபுறமும் சொரசொரப்பான உப்புத்தாளால் பளபளப்பு போகும் வரை தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்பது கட்டாயம், ஏனெனில் பாலிஷின் மெழுகு சிறிது எஞ்சியிருந்தாலும் ஒட்டு பிடிக்காது. உள்பக்கத்தில் கண்ணாடி இழைத் துணித் துண்டு ஒன்றைப் பசையில் தோய்த்துப் பதித்தால், இழுவிசை முழுவதும் விரிசலின் மெல்லிய விளிம்பில் மட்டும் விழாது. ஓர் இரவு முழுதும் அசைக்காமல் விட வேண்டும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையும் கிடைக்கிறது. ஆனால் பொருத்திச் சரிபார்க்க நேரம் தரும் சாதாரண வகையையே நான் விரும்புகிறேன்.

சொட்டு விட்டால் நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசைகள் சிறு உடைசல்களுக்குப் போதும். இறுகியபின் அவை நொறுங்கும் தன்மை கொண்டவை என்பதால், அதிர்வு உள்ள இடத்துக்கு ஏற்றவை அல்ல. சுற்றிலும் வெள்ளைப் படிவும் விழும்.

பாலிபுரொப்பிலீனுக்கென்றே லாக்டைட் 770 என்னும் பிரைமரை, அதாவது பசை பிடிக்க உதவும் அடிப்பூச்சை, முதலில் பூசி, மேலே லாக்டைட் 406 என்னும் சயனோஅக்ரிலேட் பசையை இடும் முறை உண்டு. சிறிய கிளிப்புகளுக்கும் தாங்கிகளுக்கும் அது பொருத்தமானது. பம்பரின் நீண்ட கிழிசலுக்கு, அதே வகைப் பிளாஸ்டிக் கம்பியைச் சூடான காற்றால் உருக்கிப் பற்றவைக்கும் பட்டறையே சரியான இடம்.

வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி அந்தச் சூட்டில் இளகும் என்பதால், அங்கே பளு தாங்கும் பாகங்களுக்கு இதை நம்பக் கூடாது. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியில் விரிசல் என்றால், அழுத்தத்தில் இருக்கும் சூடான கூலன்ட்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, எந்தப் பசையும் நம்பகமாகத் தடுக்காது. தொட்டியையோ ரேடியேட்டரையோ மாற்றிவிட வேண்டும்.