நான்காம் பக்கத்தின் எட்டு நிமிடங்கள்: ‘வெள்ளை ஆல்பம்’ ஐம்பதாம் ஆண்டுப் பெட்டி

பிரிட்டிஷ் ராக் குழுவான பீட்டில்ஸ் 1968 நவம்பர் 22 அன்று வெளியிட்ட இரட்டை இசைத்தட்டுக்குக் குழுவின் பெயரைத் தவிர வேறு பெயர் கிடையாது. ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் வடிவமைத்த, புடைப்பெழுத்தும் வரிசை எண்ணும் மட்டுமே கொண்ட வெற்று உறையால் அது ‘வெள்ளை ஆல்பம்’ என்றே வழங்கிவருகிறது. அமெரிக்காவில் அதற்கு 24 மடங்கு பிளாட்டினம் சான்று உண்டு. பத்து லட்சத்துக்கு ஒரு பிளாட்டினம் என்றாலும், இரட்டைத் தட்டின் ஒவ்வொரு பிரதியையும் இரண்டாக எண்ணும் கணக்கு அது என்பதால் ஒரு கோடியே இருபது லட்சம் பிரதிகள் என்று கொள்ளலாம். பாட்டுக் கேட்பதற்காகக் காசு கொடுத்த அத்தனை பேரின் வீட்டுக்குள்ளும், பாட்டே இல்லாத எட்டு நிமிடம் 22 விநாடி நீளமுள்ள ஓர் ஒலிக்கோவையும் சேர்ந்தே நுழைந்தது. ‘ரெவல்யூஷன் 9’ என்னும் அந்தக் கோவைக்காகவே 2018 நவம்பரில் வெளிவந்த ஐம்பதாம் ஆண்டுப் பெட்டியை வாங்கினேன் என்று சொன்னால் பீட்டில்ஸ் ரசிகர்களே சிரிக்கிறார்கள். பெரும்பாலோர் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறவர்கள்.

அதில் மெட்டு இல்லை, நிலையான தாளம் இல்லை, பல்லவி இல்லை. ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கின் தேர்வு ஒலிநாடா ஒன்றிலிருந்து எடுத்த ‘நம்பர் நைன்’ என்னும் குரல் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு நகர்ந்துகொண்டே இருக்க, தலைகீழாக ஓடும் வாத்தியங்கள், கூட்டத்தின் கூச்சல், அமெரிக்கக் கால்பந்து மைதானத்து முழக்கம், சிரிப்பு, குழந்தையின் மழலை எல்லாம் வந்து வந்து மறைகின்றன. ஒலிநாடாத் துண்டுகளின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, பென்சில் முனையில் இழுத்துப் பிடித்தபடி பல இயந்திரங்களில் ஓடவிட்டு, குழுவின் ஜான் லெனனும் அவருடைய துணைவி யோகோ ஓனோவும், குழுவின் இன்னொருவரான ஜார்ஜ் ஹாரிசனின் துணையோடு 1968 ஜூன் மாதத்தில் லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் இதைக் கட்டினார்கள். இந்த முறை அவர்கள் கண்டுபிடித்ததன்று. பாரிஸ் வானொலியில் பியேர் ஷெஃபர் 1948லேயே இதைத் தொடங்கியிருந்தார். இதே வழியில் நாடாவில் இசை செய்த ஜெர்மானிய இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனின் படத்தைப் பீட்டில்ஸ் தங்கள் 1967ஆம் ஆண்டு ஆல்பத்தின் அட்டையிலேயே வைத்திருந்தனர். 1966இல் ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாட்டுக்காக வீட்டில் செய்த நாடா வளையங்களைக் கூடத்துக்குக் கொண்டுவந்தவர் குழுவின் பால் மெக்கார்ட்னி என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் லெனனுக்குப் பரிசோதனை, மெக்கார்ட்னிக்கு இன்னிசை என்று பங்கு பிரிப்பது பலருக்கும் பழகிப்போய்விட்டது.

பெட்டியில் ஆறு குறுந்தகடுகள், ஒரு புளூரே, 164 பக்கக் கெட்டி அட்டைப் புத்தகம் ஆகியவை இருக்கின்றன. ஆல்பத்தின் 30 பாடல்களும் ஜைல்ஸ் மார்ட்டின், சாம் ஓகெல் ஆகியோரின் புதிய ஸ்டீரியோ கலவையில் (மிக்ஸ்) இரண்டு தகடுகளில் அடங்க, ரிஷிகேஷில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்திலிருந்து திரும்பியபின் இங்கிலாந்தின் ஈஷர் ஊரிலிருந்த ஹாரிசனின் வீட்டில் பதிவுசெய்த 27 மாதிரிப் பாடல்கள் ஒரு தகட்டிலும், கூடத்து ஒலிப்பதிவுகள் 50 எஞ்சிய மூன்றிலும் வருகின்றன. ஈஷர் தகடு இனிமையானது. அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

எனக்கு இந்தப் பெட்டியின் விலையை நியாயப்படுத்தியது கூடத்துப் பதிவுகளில் உள்ள ‘ரெவல்யூஷன் 1’ பாட்டின் 18ஆவது டேக், அதாவது பதினெட்டாம் முறை பாடிப் பதிந்த வடிவம், மட்டுமே. ஆல்பத்தில் நான்கேகால் நிமிடத்தில் தேய்ந்து மறையும் அந்தப் பாட்டு, இங்கே நிற்காமல் பத்து நிமிடத்தையும் தாண்டி ஓடுகிறது. வரிகள் தீர்ந்துபோகின்றன, வாத்தியங்கள் அதே சுழலில் ஆடிக்கொண்டிருக்க, லெனன் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்துகிறார், யோகோவின் பேச்சு ஊடே நுழைகிறது. இந்த வாலைத்தான் அறுத்தெடுத்து, மேலே ஒன்றின்மேல் ஒன்றாக ஒலிகளை அடுக்கி ‘ரெவல்யூஷன் 9’ ஆக்கினார்கள். அந்தக் கத்தல் இறுதிக் கோவையிலும் தெளிவாகவே கேட்கிறது. பல ஆண்டுகளாக இதை ஆல்பத்தில் வலிந்து செருகிய விருந்தாளி என்று நினைத்திருந்த நான், அது அதே வீட்டுப் பிள்ளை என்பதை இந்த டேக்கைக் கேட்டபின்புதான் உணர்ந்தேன். பழைய இசைத்தட்டின் நான்காம் பக்கம் ‘ரெவல்யூஷன் 1’ பாட்டில்தான் தொடங்குகிறது என்பதும், அதே பக்கத்தின் கடைசிக்கு முந்தைய இடத்தில் அதன் வால் காத்திருக்கிறது என்பதும் அதன் பிறகே என் கண்ணில் பட்டன.

புதிய கலவையில் பாடல்களின் தாள வாத்தியங்கள் முன்னைவிடத் திடமாக ஒலிக்கின்றன. ‘ரெவல்யூஷன் 9’ஐப் பொறுத்தவரை, இதைத் தலையணி ஒலிபெருக்கியில் கேட்பதே முறை. இரு காதுக்கும் ஒரே ஒலி தரும் மோனோ வடிவம் புளூரேயில் மட்டுமே தரப்பட்டிருப்பது, குறுந்தகடு மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் குறைதான். ஆயினும் இந்தக் கோவைக்கு மோனோவில் தனிக் கலவை எதுவும் செய்யப்படவில்லை, ஸ்டீரியோவையே ஒன்றாகச் சுருக்கிவிட்டார்கள் என்பதால், குரல் இடம் பெயரும் விளையாட்டு முழுவதும் அங்கே போய்விடுகிறது. மற்றப் பாடல்களுக்கு மோனோவே மேல் என்று வாதிடுவோரும் இந்த ஓர் இடத்தில் விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விலை குறைந்த மூன்று குறுந்தகடுப் பதிப்பிலும், நான்கு இசைத்தட்டுப் பதிப்பிலும் ஆல்பமும் ஈஷர் பதிவுகளும் மட்டுமே உண்டு, 18ஆவது டேக் அவற்றில் இல்லை. பாட்டுக்காக வாங்குவோருக்கு அவையே தாராளம். பெட்டியை வாங்குவோர் ‘ரெவல்யூஷன் 9’ முடிந்ததும் தகட்டை நிறுத்திவிடக் கூடாது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் வாத்தியக் குழு பின்னணியில் எழ, குழுவின் டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ ஸ்டார் ‘குட் நைட்’ தாலாட்டைப் பாடத் தொடங்கும் அந்த முதல் சில விநாடிகள், முந்தைய எட்டு நிமிடங்களைக் கேளாமல் தாண்டி வந்தவருக்கு வெறும் இனிப்பாகவே தோன்றும்.