முருகனா, குமரனா, செந்திலா?

அக்கா மகனுக்குப் பெயர் வைக்கும் பஞ்சாயத்தில் கடைசியாக மிஞ்சியவை மூன்று. சாமி ஒன்றுதான், பெயரில்தான் சண்டை.

முருகனுக்குச் சொற்சொத்து அதிகம். 'முருகு' என்றால் அழகு, இளமை, மணம், தெய்வம். கள் என்றும் அகராதியில் உண்டு (அத்தானுக்கு இது மட்டும் மனதில் நின்றது). பெண்கள் மேல்காதில் போடும் நகையும் முருகுதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் அகராதியா எடுபடும்? ஒருவன் முருங்கைக்காய் என்பான், இன்னொருவன் முறுகல் தோசை என்பான். அது வேறு 'று' என்று அவனிடம் போய் விளக்க முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் எங்கள் ஆச்சி. மூட்டுவலிக்காரி, திண்ணையில் கையூன்றி எழுந்தால் ஒரு "முருகா!", உட்கார்ந்தால் இன்னொரு "முருகா!" பக்கத்து வீட்டு முருகன் சின்ன வயதில் ஒவ்வொரு தடவையும் "என்ன ஆச்சி?" என்று ஓடிவந்து நிற்பான். பிள்ளை பாவம்.

குமரன், வடமொழி 'குமார' வழி வந்தது. மகன், இளைஞன், அவ்வளவுதான். கம்பீரம் சேர்த்தவர் திருப்பூர் குமரன்: 1932 ஜனவரியில் போலீஸ் தடியடியில் விழுந்தும் கொடியை விடாதவர். அவர் பிறந்த சென்னிமலையும் முருகன் மலையே. ஆனாலும் நம் வாயில் குமரன் இரண்டே நாளில் குமார் ஆகிவிடுவான். குமார் என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். போதாததற்கு, எங்கள் பக்கம் 'வீட்டுல குமர் இருக்கு' என்றால் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள் என்று பொருள்.

செந்தில் உண்மையில் ஊர்ப்பெயர். திருச்செந்தூரைத்தான் அப்படிச் சொன்னார்கள். வெண்ணுரை அலைகள் மோதும் செந்தில் என்று புறநானூற்றின் 55ஆம் பாட்டிலேயே வருகிறது. பெயருக்கு என்ன அர்த்தம் என்று பையன் கேட்டால் பஸ் ஏற்றிக் கூட்டிப்போய்க் கடலையே காட்டிவிடலாம். மற்ற இரண்டுக்கும் இந்த வசதி இல்லை. நடிகர் செந்திலையும் வாழைப்பழத்தையும் வைத்துக் கேலி வரும், வரட்டும். ஒரே தலைவலி ஆங்கில எழுத்து: முதலில் 'எஸ்'ஸா 'சிஎச்'சா, நடுவில் 'டி'யா 'டிஎச்'சா என்று ஆதாரில் ஒன்றும் பாஸ்போர்ட்டில் ஒன்றுமாக நிற்கும். முதல் சான்றிதழிலேயே கவனமாக இருந்தால் போதும்.

என் ஓட்டு செந்திலுக்கு. அக்காவும் தலையாட்டினாள். முருகா என்று யாரையும் அலைக்கழிக்க வேண்டாம் பாரு என்று ஆச்சியிடம் சொன்னோம்.

"அதுக்கென்ன, இனிமே செந்திலாண்டவான்னு கூப்பிட்டுக்கிடுதேன்" என்றாள்.