சந்தை வளர்ச்சியைக் காட்ட அடுக்குப் படமா, அம்புப் படமா?

ஒரு பொருளின் சந்தை எந்தெந்தக் கட்டங்களாக வளர்கிறது என்பதை ஒரே ஸ்லைடில் காட்ட மூன்று வழிகளை முயன்று பார்த்தேன்: இடமிருந்து வலமாக ஓடும் அம்புப் படம், எஸ் வடிவ வளைவு, பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும் அடுக்குப் படம். இப்போது அடுக்குப் படத்தைத்தான் பயன்படுத்துகிறேன்.

பார்த்த மாத்திரத்தில் புரிவது அம்புப் படம்தான். உண்மையான விற்பனை எண்கள் கையில் இருந்தால் வளைவையே போடலாம். எண்கள் இல்லாமல் உத்தேசமாக வளைத்துவிட்டால், "இதில் நாம் எந்தப் புள்ளியில் நிற்கிறோம்?" என்ற முதல் கேள்விக்கே பதில் கிடைக்காது.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. இவை ஒருமுறை வரைந்து மறந்துவிடும் படங்கள் அல்ல; காலாண்டுதோறும் திறந்து திருத்த வேண்டியவை. அறிமுகம், பரவல், முதிர்வு என்று மூன்று அம்புகளை வரிசையாக வைத்திருந்தேன். பரவல் இரண்டு மாதம் தள்ளிப்போனது. அந்த அம்பை நகர்த்தினால் அடுத்த அம்பு, அடியில் உள்ள தேதிகள், இணைப்புக் கோடுகள் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டியிருந்தது. அது வெறும் அலுப்பு. அடுத்து நடந்ததுதான் ஆபத்து. பரவல் தொடங்கியதும் அறிமுக அம்பைச் சாம்பல் நிறமாக்கினேன். கூட்டத்தில் ஒருவர், "அறிமுகம் முடிந்துவிட்டதே, அதற்கு இன்னும் ஏன் பணம்?" என்று கேட்டார். அவர்மேல் தவறில்லை; படம் அப்படித்தான் சொன்னது. உண்மையில் பல பகுதிகளில் பொருளின் பெயரையே கேள்விப்படாதவர்கள் அப்போதும் இருந்தார்கள்.

அடுக்குப் படத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அறிமுகப் பட்டை அடியில், தொடங்கிய மாதத்திலிருந்து வலப்பக்கம் நீள்கிறது. பரவல் வரும்போது அதன்மேல் இன்னொரு பட்டை ஏறுகிறது. அடிப்பட்டை நிற்காமல் கூடவே வருகிறது. தாமதமா? மேல்பட்டையின் இடது முனையைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளினால் போதும், வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். முடியாத கட்டத்தின் வலது முனையை நான் மூடுவதே இல்லை.

பட்டையின் உயரத்தில் மட்டும் கவனம் வேண்டும். புதுமையை ஏற்பவர்களை, முதலில் ஏற்பவர்கள் தொடங்கிக் கடைசியில் ஏற்பவர்கள் வரை, அமெரிக்கச் சமூகவியலாளர் எவரெட் ராஜர்ஸ் 1962இல் ஐந்து வகையாகப் பிரித்தார்: 2.5 சதவீதம், 13.5, 34, 34, கடைசியில் 16. கட்டங்களுக்குப் பதில் இந்த வகைகளைப் பட்டைகளாக்கி, இதே விகிதத்தில் உயரம் வைத்தால் முதல் பட்டை எழுத்துகூட நுழையாத கோடாகிவிடும். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே உயரம் வைத்து, சதவீதத்தை உள்ளே எழுதி, ‘உயரம் அளவைக் குறிக்காது’ என்று அடியில் போட்டுவிடுகிறேன்.

அடுக்கு என்றதும் சிலர் வட்டத்துக்குள் வட்டம் வரைகிறார்கள். அதைத் தவிர்த்துவிடுங்கள். நான்கு மடங்கு பெரிய சந்தைக்கு ஆரத்தை நான்கு மடங்காக்கினால் பரப்பளவு பதினாறு மடங்காகிறது. ஆரத்தை இரண்டு மடங்காக்கினாலே போதும் என்பது அவசரத்தில் பலருக்கு நினைவுக்கு வருவதில்லை.

சந்தை சுருங்கும் காலத்துக்கு அடுக்குப் படம் பொருந்துமா என்பதில் எனக்கு அனுபவம் குறைவு. ஒரே ஒரு முறை முயன்றேன். மேல்பட்டையைப் பாதியில் வெட்டி நிறுத்தியபோது, பார்த்தவர்கள் அதை வரைந்ததில் நேர்ந்த பிழை என்றே எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு ஸ்லைடுக்கு மட்டும், விற்பனை எண்களைத் திரட்டி, வளைவுக்கே திரும்பினேன்.