கிணற்றடிக் கற்களுக்கு எந்தப் பன்னம்?

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டின் பின்புறம், கிணற்றுக்கட்டுக்கும் மதிலுக்கும் இடையில், நண்பகலிலும் வெயில் விழாத ஒரு மூலை உண்டு. மண் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. பாசி படர்ந்த கபுக் கற்கள் (செம்புரைக் கற்கள்) சிலவே கிடக்கின்றன. அக்கற்களில் மூன்று வகைப் பன்னங்களை (பெரணிகளை) வளர்த்துப் பார்த்தேன்.

பூக்கன்றுக் கடைகளில் முதலில் கண்ணில் படுவது தென்னமெரிக்காவைச் சேர்ந்த அடியந்தம் ரட்டியானம். அதன் சிற்றிலைகளின் மென்மைக்கு மற்ற இரண்டும் ஈடாகா என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் குளிர்ச்சியை விரும்பும் இந்தச் செடி, வேர் ஒருநாள் காய்ந்தாலும் இலை விளிம்பு கருகிச் சுருண்டுவிடும். ஈரம் காக்கவென்று சட்டியின் கீழ் நீர்த்தட்டு வைப்பதோ, கொழும்பில் வினையை விலைக்கு வாங்குவதாகும்: நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அதற்கும் நாமே பொறுப்பு.

இதற்கு நேர்மாறானது, வீதியோரப் பெருமரங்களின் கிளைகளில் தானாகவே தொற்றி வளரும் திரைனேரியா குவெர்சிபோலியா. தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் முடவாட்டுக்கால் என்று சூப்புக்கு விற்கப்படுவது இதன் வேர்த்தண்டுதான். பழுப்பு நிற அடியிலைகள் கூடைபோல் நின்று சருகைச் சேர்த்து உரமாக்கிக் கொடுப்பதால், வாரக்கணக்கில் மறந்துவிட்டாலும் இது சாவதில்லை. எனினும் ஏறக்குறைய ஒரு மீற்றர் வரை நீளும் இலைகளுக்கு எங்கள் மூலை போதவில்லை. அகலமான முற்றம் உள்ளவர்கள் தாராளமாக வைக்கலாம்.

எனது தெரிவு நம் நாட்டிலும் காணப்படும் அடியந்தம் பிலிப்பென்சு. நிழலும் ஈரலிப்பும் உள்ள பாறைச் சரிவுகளில் இயல்பாக வளர்வது என்பதால், கல்லிடுக்கில் ஒரு பிடி தும்புத் தூளே அதற்குப் போதுமாயிற்று. பளபளக்கும் கருங்காம்பின் இருபுறமும் அரைநிலா வடிவச் சிற்றிலைகள் அடுக்காக நிற்கும். மேலே ஊற்றிய நீர் ஒட்டாமல் முத்தாக உருண்டு விழும். இலையைத் திருப்பிப் பார்த்தால், விளிம்பு உள்நோக்கி மடிந்து வித்திகளை மூடியிருப்பது தெரியும். நீண்டு தொங்கும் இலைநுனி பாசியைத் தொட்ட இடத்தில் வேரூன்றி இன்னொரு செடியாகிவிடுவதால், ஒன்றை வைத்த இடத்தில் சில மாதங்களில் நான்கைந்து நின்றன. எனவே காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. தெரிந்தவர் வீட்டில் வேரூன்றிய நுனியொன்றை நறுக்கி வாங்கினால் போதும். சிங்கராஜா போன்ற காப்புக் காடுகளிலிருந்து பிடுங்கி வருவது குற்றம் என்பதை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இதற்கும் ஒரு குறை உண்டு. மழை குறையும் தை, மாசி மாதங்களில் இலைகள் உதிர்ந்து, வெறும் கருங்காம்புகள் கம்பித் துண்டுகளைப்போல் நிற்கும். முதல் ஆண்டு செத்துவிட்டதென்று எண்ணிப் பாதியைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். எஞ்சிய பாதியிலிருந்து, சித்திரை மழை தொடங்கியதும், சுருண்ட இளந்தளிர்கள் கல்லிடுக்கை விட்டு எழுந்தன.