லிசெஸ் சதுரங்கம்: 10 நிமிட ஆட்டமா, கடித ஆட்டமா?

லிசெஸ் இணையதளத்தில் சதுரங்கம் ஆட, தேனி மாவட்டக் கம்பத்தில் இருப்பவருக்கு 10 நிமிட ஆட்டம்தான் ருசி. காசில்லை, விளம்பரமில்லை, உட்கார்ந்தோம், முடித்தோம். ஆனால் எதிராளி மச்சான், கேரள மலைமேல் வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டத்தில் என்றால் கதையே வேறு. சிக்னல் போனாலும் கடிகாரம் நிற்காது. ராணியை வெட்டும் நேரம் பார்த்து திரை சுற்றிக்கொண்டே கிடக்கும். கொஞ்ச நேரம் ஆள் வரவில்லை என்றால் இந்தப் பக்கம் வெற்றியைக் கேட்டு வாங்கிவிடலாம். அதெல்லாம் ஒரு வெற்றியா!

கடித ஆட்டத்தில் ஒரு நகர்வுக்கு 1 முதல் 14 நாள்வரை வைத்துக்கொள்ளலாம். காலையில் மச்சானின் ஜீப் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறுவதற்கு முன் குதிரையை நகர்த்தினால், பதில் சாயங்காலம் வரும். தொடக்க நகர்வுகளைத் தளத்திலேயே புரட்டிப் பார்க்கலாம், தப்பில்லை. கணினியிடம் நகர்வு கேட்பதுதான் கூடாது. மச்சானோடு ஆட 3 நாள் போதும். 14 வைத்தால் மனுஷனுக்கு ஆட்டமே மறந்துபோகும்.