பழைய புல்லட்டுக்குப் பாயிண்டா, எலெக்ட்ரானிக்கா?

வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350-ஐ வீட்டு வாசலில் பிரித்துப் பூட்டுகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து சேருகிறார்கள். பிளக்கில் பொறி விழ மின்சாரத்தை விட்டுத் துண்டிக்கும் கான்டாக்ட் பாயிண்டை அப்படியே வைத்துக்கொள்வதா, கழற்றிவிட்டு அதே வேலையை மின்னணு முறையில் செய்யும் எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடுவதா? என் 1992 மாடலில் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். இப்போது அதில் இருப்பது பாயிண்ட்.

எலெக்ட்ரானிக் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது வலுவானது. பாயிண்டில், அதைத் திறந்து மூடச் சுற்றும் கேமோடு உரசும் ஃபைபர் முனை தேய்ந்துகொண்டே இருக்கும். தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பின்னுக்குப் போகும். வண்டி இழுக்காது, இன்ஜின் சூடேறும். எலெக்ட்ரானிக்கில் உரசுகிற பாகமே கிடையாது. ஒருமுறை வைத்த டைமிங் அப்படியே நிற்கும், ஐடிலிங் சீராக இருக்கும், குளிர்ந்த காலையிலும் சட்டென்று ஸ்டார்ட் ஆகும். புல்லட் எலெக்ட்ரா மாடலில் கம்பெனியே இதைத்தான் கொடுத்தது. தினமும் வேலைக்குப் புல்லட்டில் போகிறவர் என்னிடம் கேட்டால் தயங்காமல் எலெக்ட்ரானிக் என்பேன். ஆனால் 6 வோல்ட் வண்டியாக இருந்தால் பேட்டரி, காயில், பல்பு, ஹாரன், சார்ஜிங் என்று மொத்தத்தையும் 12-க்கு மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவைக் கணக்கில் வையுங்கள்.

பிறகு நான் ஏன் திரும்பினேன்? வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது எலெக்ட்ரானிக் யூனிட் ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் செத்தது. பேட்டரி சரி, வயரிங் சரி, பிளக்கும் புதுசு. ஸ்பார்க் மட்டும் இல்லை. அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கவும் வழியில்லை. வண்டி மினி லாரியில் ஏறித்தான் வீடு வந்தது. பாயிண்ட் அப்படிச் சாவதில்லை, வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும். சூடானதும் மிஸ் அடித்து, பாயிண்டில் பொறி பறந்தால் பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரைப் பாருங்கள். கிக்கர் காலைத் திருப்பி அடித்தால் டைமிங் முன்னால் இருக்கிறது, அல்லது வேகம் கூடும்போது டைமிங்கை முன்னால் தள்ளும் ஆட்டோ அட்வான்ஸின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

வீட்டில் டியூன் செய்கிறவருக்குப் பாயிண்ட் தரும் இன்னொரு வசதி, மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டர். சாவியைத் திருப்பிவிட்டு கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும், திறந்த கணத்தில் நடுவுக்கு வரும். டைமிங் எங்கே விழுகிறது என்பதை ஹெட்லைட் மேல் இருக்கும் அந்தச் சின்ன மீட்டரே காட்டிவிடும். இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் சிகரெட் பேப்பர் ஒரு துண்டைப் பாயிண்ட் நடுவில் வைத்து லேசாக இழுத்துக்கொண்டே இன்ஜினைச் சுற்றுங்கள். பேப்பர் வழுக்கும் இடம்தான் திறக்கும் இடம். முதலில் ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் நிறுத்திவிட்டு, அதற்கப்புறம்தான் டைமிங்கைத் தொட வேண்டும். வரிசையை மாற்றினால் இரண்டையும் மறுபடி செய்ய நேரும். பிஸ்டன் மேல்முனைக்கு வருவதற்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்க வேண்டும். அது கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்தானா என்று தெரிய டேப்பெட் மூடியைக் கழற்றிப் பாருங்கள். வால்வுகளை இயக்கும் புஷ் ராடு இரண்டும் விரலுக்குச் சுலபமாகச் சுழல வேண்டும்.

பாயிண்டின் பெரிய பலவீனம் இப்போது கடையில் இருக்கிறது. மலிவாக வாங்கிய ஒரு செட்டில் ஃபைபர் முனை 400 கிலோமீட்டருக்குள் தேய்ந்தே போனது. அதற்குப் பிறகு புதுப்பேட்டையில் பழைய ஸ்டாக் தேடி வாங்குகிறேன். கேம் மேல் ஒரு துளி கிரீஸ், அதற்கு மேல் வேண்டாம். கூடினால் தெறித்துப் பாயிண்டைக் கருக்கிவிடும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. பாயிண்டை அப்படியே வைத்து, காயிலுக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் ஒரு டிரான்சிஸ்டர் வழியாக விடுவது. பாயிண்ட் கருகாது, ஃபைபர் மட்டும் தேயும். டிரான்சிஸ்டர் போனால் வயரை மாற்றிக் குத்திவிட்டுப் பழையபடி ஓட்டலாம். அதற்குக் கண்டென்சரைக் கழற்றிக் கிடாசிவிடாமல் டூல் பாக்ஸில் வைத்திருக்க வேண்டும்.

எலெக்ட்ரானிக்தான் போடுவது என்று முடிவெடுத்தாலும், கழற்றிய பாயிண்ட் பிளேட், ஆட்டோ அட்வான்ஸ், கண்டென்சர் எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். நான் அப்படி வைத்திருந்ததால்தான் மினி லாரியில் வந்த வண்டி மறுநாள் மாலைக்குள் மறுபடி ஓடியது.